செத்த கட்டையின் கோடு

செத்த கட்டை மூன்று மில்லிமீட்டர் பருத்திருந்தது.

வீப்கே கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்த்தாள். தட்டையாகக் கிடக்க வேண்டிய கோடு பகலில் இறங்கி, இரவில் ஏறி, அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் மேலே போயிருந்தது. நீர் குடிக்கும் பீச் என்னும் ஐரோப்பியக் காட்டு மரத்தின் அடிமரம்தான் இப்படிச் சுருங்கிப் பருக்கும். இது மரமில்லை. இருபத்துமூன்றாம் எண் மரத்தை வெட்டியபோது அறுத்தெடுத்து, சூளையில் உலர்த்தி, வார்னிஷ் பூசி, இந்த ஆய்வுக் குடிசையின் இறவாணத்தில் தொங்கவிட்ட முழங்கை நீள உருட்டுக்கட்டை. அதற்குப் பதினோரு வருஷமாகிறது.

சோலிங் காட்டில் நாற்பது பீச் மரங்களின் இடுப்பில் எஃகு நாடா கட்டியிருந்தார்கள். மரம் பருத்தால் நாடா இழுபடும். அளவு கம்பி வழியாகக் குடிசைக்கு வரும். வெயிலிலும் குளிரிலும் நாடாவே நீண்டு குறுகுமே, அந்தப் பிழையைக் கண்டுகொள்ளத்தான் செத்த கட்டைக்கும் ஒரு நாடா. கட்டை காட்டும் அளவைக் கணினி தானாகவே மற்ற நாற்பதிலிருந்தும் கழித்துவிடும். மிஞ்சுவதுதான் வளர்ச்சி. கழித்த கணக்கு, இந்தக் காடு வளர்வதை நிறுத்திவிட்டது என்றது. திங்கட்கிழமை வெட்டும் இயந்திரங்கள் வருகின்றன. வெட்டலாம் என்ற அறிக்கையில் ஆய்வாளர் வீப்கேயின் கையெழுத்துதான் பாக்கி.

கழித்து எறிந்த கோட்டைப் பதினோரு வருஷமாக ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அவளும்தான். அந்த வெட்கம் முதலில் வந்தது, கோபம் பிறகு வந்தது. திட்டத் தலைவன் டெட்லெஃபைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"டெட்லெஃப், கட்டை வளருது."

"எந்தக் கட்டை? காலையில காபி குடிச்சியா இல்லையா நீ?"

"நாம கழிக்கிற கட்டை. மரமெல்லாம் மூணரை மில்லி பருத்திருக்கு. கட்டை மூணு. மூணரையில மூணைக் கழிச்சிட்டு, காடு செத்துப்போச்சுன்னு எழுதிட்டிருக்கோம்."

"நாடா கெட்டிருக்கும்."

"கெட்ட நாடா பகல் ராத்திரி பார்த்தா ஏறி இறங்கும்?"

"அம்மா தாயே, மர ஆலைக்காரனோட ஒப்பந்தம் போட்டாச்சு. சூளையில காய்ஞ்ச விறகு வளருதுன்னு போய்ச் சொன்னா என்னைத்தான் அடுப்புல போடுவாங்க. பேசாம கையெழுத்துப் போட்டு அனுப்பு. அஞ்சு மணி வரைக்கும்தான்."

"போட மாட்டேன்."

"பிடிவாதக்காரி."

"அதுக்குத்தானே சம்பளம் வாங்குறேன்."

வைத்துவிட்டாள். மணி மூன்றரை. நவம்பர் மூடுபனி சன்னல்வரை வந்து நின்றது. வெளியே போய்க் கட்டையை ஆணியிலிருந்து எடுத்தாள். ஒற்றைக் கையால் தூக்கலாம் என்று நினைத்தவள் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. வார்னிஷுக்கு அடியில் ஏதோ குளிர்ந்து ஈரமாக இருந்தது.

உள்ளே கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். நாடாவை அவிழ்த்துத் தீயணைப்பான் உருளையில் கட்டிப் பத்து நிமிஷம் பார்த்தாள். கோடு நூல் பிடித்ததுபோல் நேராக ஓடியது. நாடாவில் குற்றமில்லை. மறுபடி கட்டையில் கட்டினாள். கோடு ஏறத் தொடங்கியது.

இலை உதிர்ந்த பிறகு எந்த பீச் மரமும் பருக்காது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அரை. ஒன்று. கண்ணெதிரே.

இவ்வளவு நேரமும் அடுப்புப் புகை மட்டுமே வீசிய அறையில் இப்போது புதிதாக அறுத்த மரத்தின் புளித்த ஈரவாடை பரவியது. அது மேசையிலிருந்து வருகிறதா தரையிலிருந்து வருகிறதா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எங்கோ ஒரு பலகை முனகியது, சற்றுத் தள்ளி இன்னொன்று பதில் சொன்னது. பீச்சில் கதவு செய்யாதே, ஈரம் பட்டால் உப்பி இறுகிவிடும் என்று குடிசை கட்டும்போதே ஊர்த் தச்சன் தலைபாடாக அடித்துக்கொண்டான். வெட்டிய மரம் இலவசமாகக் கிடக்கும்போது படித்தவர்கள் யார் பேச்சைக் கேட்டார்கள்? தரை, சுவர், மேசை, கதவு, சன்னல் சட்டம், எல்லாமே இருபத்துமூன்றாம் எண் மரமும் அதன் அண்டை மரங்களும்தான்.

எழுந்து போய்க் கதவை இழுத்தாள். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கதவுக்கும் நிலைக்கும் நடுவே காகிதம் நுழையும் இடைவெளிகூட இல்லை.

பயந்தாள். வாய்விட்டு, "பயமாத்தான் இருக்கு. அதுக்கென்ன இப்போ?" என்றாள்.

அடுப்போரம் கோடரி இருந்தது. கட்டையைப் பிளந்து நெருப்பில் போட்டால் எல்லாம் நின்றுவிடலாம். ஆனால் சாட்சியும் சாம்பலாகும். திங்கட்கிழமை நாற்பது மரமும் விழும். ஒரு மணி நேர அளவு சேர்ந்தால்தான் எவனும் மறுக்க முடியாது. இன்னும் இருபது நிமிஷம் வேண்டும். கோடரியைத் தொடாமல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

கட்டை மேசையில் உருண்டது. இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் விசைப்பலகையைத் தட்டினாள். கழித்தல் சூத்திரத்தை அழித்தாள். நாற்பது கோடுகளும் ஒரே சமயத்தில் திரையில் எழும்பின.

கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

வார்னிஷ் வெடித்திருந்தது. வெடிப்பிலிருந்து சாம்பல் நிற மரப்பட்டை. வழவழப்பாக. விரல்களின் மேல். வலி இல்லை. குளிர்ச்சி மட்டும். முள்வேலியை பீச் மரம் விழுங்கிய படங்களை அவளே வகுப்பில் காட்டியிருக்கிறாள். அதற்கு முப்பது வருஷம் ஆகும்.

இது மணிக்கட்டைத் தாண்டிவிட்டது.

இழுத்தாள். தோள்பட்டை விண்ணென்றது. கத்தினாள். கெட்ட வார்த்தையில் திட்டினாள். பிறகு, ஒற்றைக் கையால் தட்டினாள்.

மரங்கள் உயிரோடு இருக்கின்றன. வெட்டக் கூடாது. வீப்கே ஆஸ்டர்லோ.

ஐந்தடிக்க மூன்று நிமிஷம். அனுப்பினாள்.

போய்ச் சேர்ந்தது.

தொலைபேசி அடித்தது. "என்ன காரியம் பண்ணி வெச்சிருக்க? அமைச்சகத்துக்கே அனுப்பிட்டியே!"

"கழிக்கிறதை நிறுத்திட்டேன். அவ்வளவுதான்."

"வீப்கே..." அவன் குரல் மாறியது. "அளவு இங்கயும் தெரியுது. நாற்பதும் ஏறுது. இது நவம்பர். வீப்கே, அங்க என்ன நடக்குது?"

"எழுதிக்கோ. நாலு ஐம்பத்தெட்டு. முழங்கை வரைக்கும்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஒரு மரமும் விழக் கூடாது, புரியுதா? எழுதினியா?"

அவன் எழுதினானா என்று தெரியவில்லை. அவள் பட்டைக்கு வெளியே மிஞ்சியிருந்த கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்துக்கு அடியிலிருந்து, நகத்தை மெல்ல மேலே தள்ளிக்கொண்டு, செம்பு நிறத்தில் கூரான ஒரு பீச் மொட்டு வெளியே வந்துகொண்டிருந்தது.