ஜன்னல் பெண்ணின் பச்சை

"என் கைதான் தப்புன்னா சொல்லிடுங்க. இனிமே மண்ணைத் தொடவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, வந்தவள் மாமனாரும் மருமகனும் உட்கார்ந்திருந்த மேசைமேல் துணிமூட்டையை அவிழ்த்தாள். உள்ளே பளபளவென்று பச்சைத் துண்டுகள்.

அவள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். யாரிடமும் பாடம் கேட்காமல், தன் போக்கில் களிமண் சிலை செய்கிறவள். முதுகெல்லாம் ஜன்னலும் ஜன்னலுக்கொரு முகமுமாக ஒரு பெண்ணைச் செய்து, சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பச்சை மெருகு பூசி, அக்கா வீட்டுச் சூளையில் சுட வைத்திருந்தாள். சூளை அக்கா புருஷனுடையது. அவர் கலைக் கல்லூரியில் பீங்கான் வேலை சொல்லிக்கொடுக்கும் வாத்தியார். சிலையைப் பெரிய கண்காட்சி ஒன்றுக்குக் கேட்டிருந்தார்கள். சூளை ஆறியபின் காலையில் போய்த் திறந்தால், எல்லாம் சுக்குநூறாகக் கிடந்தது. படிக்காதவள் செய்தது, நெருப்பில் வெடித்துவிட்டது என்றாளாம் அக்கா. அத்தானும் தலையாட்டினாராம்.

மாமனார் ஒரு துண்டை எடுத்து, உடைந்த ஓரத்தில் விரலை ஓட்டினார். தீ விபத்துகளை ஆராய்ந்து காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிக்கை கொடுத்தே ஓய்வு பெற்றவர். அவர் பேசாமல் இருந்தாலே ஊர் அவரை மெச்சுகிறது என்பது மருமகனின் மனக்குறை. வீட்டிலும் மனைவி "எங்கப்பா" புராணம் பாடாத நாளில்லை. இந்த ஒரு தடவையாவது அவரை முந்திக்கொண்டு விடையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவன் துடித்தான்.

"வாத்தியார்தான் மாமா. பட்டம் வாங்கினவரை விட்டுட்டு இவங்களைக் கூப்பிட்டா பொறுக்குமா?"

பொறாமையைப் பற்றி அவனுக்கா தெரியாது. மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டு, "நேர்ல பார்த்துடுவோம், வாங்க மாப்பிள்ளை" என்றார்.

வந்தவளும் மூட்டையோடு கூடவே வந்தாள். அக்கா வீட்டில் சூளை சமையலறைக்குப் பின்னால் இருந்தது. சாவி சமையலறை ஆணியில் தொங்கியது. அந்த வீட்டில் இருப்பது புருஷனும் பெண்டாட்டியும்தான். இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு மாமனார் ஆரம்பித்தார்.

"நெருப்புல வெடிச்சிருந்தா, மெருகு உருகறப்ப உடைஞ்ச ஓரத்துலயும் வழிஞ்சிருக்கும். இங்க ஓரமெல்லாம் மெருகில்லாம சொரசொரன்னு மொட்டையா இருக்கு. ஆறும்போது விரிசல் விட்டிருந்தா ரெண்டு மூணு துண்டாகும், இப்படி நொறுங்காது. முழுசா வெந்து ஆறின சிலையை யாரோ அடிச்சு உடைச்சிருக்காங்க."

மருமகன் வாத்தியாரை ஜாடை காட்டினான்.

"இல்ல மாப்பிள்ளை. அவர் சூட்டைக் கொஞ்சம் ஏத்திவிட்டிருந்தா சிலை தானா சரிஞ்சிருக்கும், ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. ஓரம் காட்டிக்கொடுக்கும்னும் அவருக்குத் தெரியும். சூளையில சாமான் வெடிக்கும்னு சாப்பாட்டு நேரத்துல கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டவங்கதான், உடைச்சதை மறுபடி உள்ள வச்சு மூடுவாங்க."

அக்கா ஒத்துக்கொண்டாள். தங்கையை மட்டும் பார்க்கவில்லை.

"இவ வர்றதுக்கு முன்னாடி அவர் சூளையைத் திறந்தார். அப்படியே சிலையைப் பார்த்துக்கிட்டு நின்னார். நான் கூப்பிட்டது காதுல விழல. கல்யாணமான நாள்லேர்ந்து என்னை ஒரு தடவைகூட அவர் அப்படிப் பார்த்ததில்ல. அவர் குளிக்கப் போனதும் சுத்தியலை எடுத்தேன்."

மாமனார் வாத்தியார் பக்கம் திரும்பினார். "அப்ப முழுசா பார்த்தவர் நீங்க. வெடிச்சுதுன்னு ஏன் சார் தலையாட்டினீங்க?"

வாத்தியாரின் பார்வை பச்சைத் துண்டுகள் பக்கம் போனது. மருமகனுக்கு அந்தப் பொறாமை நன்றாகவே விளங்கியது. வெட்கமாகவும் இருந்தது.

"அப்ப என் கை தப்பில்ல" என்றாள் தங்கை. மூட்டையைக் கட்டத் தொடங்கினாள். இனி வேறு சூளை தேட வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அக்கா எழுந்து, தன் புருஷனின் முகத்தையே பார்த்து நின்றாள். திட்டினாலும் அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். அவரோ குனிந்து, மூட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் பச்சை எனக்கு ஒரு நாளும் வந்ததில்ல" என்றார் கொழுந்தியாளிடம். "எப்படிக் கொண்டுவந்தே?"

மனைவியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.