கோழி போன செட்டு

தூளிக்கு நேராகச் சுவரில் இருந்த சாம்பல் நிறக் கறை நேற்று இருந்த இடத்தில் இல்லை. நேற்று ஜன்னலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. இன்று காலையில் பார்த்தால் ஒரு முழம் தள்ளித் தூளியை ஒட்டி வந்திருந்தது. சௌந்திரம் விளக்குமாற்றுக் கட்டையால் அதைத் தொட்டாள். கறை இரண்டாகப் பிரிந்து, ஆளுக்கொரு பக்கமாக நகர்ந்தது.

 கோழிச் செள்ளு. ஒன்று கடுகில் கால்வாசிகூட இராது. பகலெல்லாம் செட்டின், கோழிக் கொட்டகையின், மூங்கில் இடுக்குகளில் அடைந்து கிடக்கும். இருட்டியதும் இறங்கி வந்து கோழியின் இரத்தத்தைக் குடிக்கும். இப்போது செட்டில் கோழி இல்லை. அத்தனை கோழிகளையும் உயிரோடு குழியில் தள்ளி மூடி ஒரு வாரம் ஆகிறது. பசி தாங்காமல் செள்ளு வீட்டுக்குள் வந்துவிட்டது.

அந்தக் கோழிகளுக்கு ஒரு நோவும் இருக்கவில்லை. கால்நடை டாக்டரே வந்து, இறக்கையைப் பிரித்துப் பார்த்து, "வெள்ளைக் கழிச்சல்கூட இல்லைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். யார் கேட்டார்கள்? எங்கோ பெயர் தெரியாத ஊரில் யாருக்கோ காய்ச்சல் வந்ததை வைத்துக்கொண்டு, ஒரு மாலைப் பத்திரிகை 'கோழியிலிருந்து மனிதருக்குப் புது வைரஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே படித்தால் 'கூறப்படுகிறது', 'அஞ்சப்படுகிறது' என்பதைத் தவிர ஒரு மண்ணும் இல்லை. எருமப்பட்டி டீக்கடையில் ஒருவர் அதை வாசிக்க, பத்துப் பேர் கேட்டார்கள். பத்துப் பேரும் பத்துவிதமாக ஊருக்குள் கொண்டு போனார்கள். முட்டை லாரி வருவது நின்றது. பஞ்சாயத்துத் தலைவர் காளியப்பன் ஆள்களோடு வந்து முன்னால் நின்று குழி வெட்டவைத்தார். குழிக்குள் கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் துடித்ததைப் பத்திரிகைக்காரன் ஒருவன் நாலு பக்கமும் சுற்றி வந்து போட்டோ எடுத்தான். மறுநாள் அதே பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. பத்திரிகையைப் பார்த்துக் கோழியைப் புதைத்தார்கள். புதைத்ததைப் பார்த்துப் பத்திரிகை எழுதியது. தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் அந்தச் செய்தியின் கடைசி வரிதான் அவளைத் தூங்கவிடவில்லை. முதலில் கழுத்தில் சிவப்புத் தடிப்பு வருமாம். பிறகு அரிக்குமாம். இரண்டு நாளாக அவளுக்குக் கழுத்து அரித்தது. குழந்தை பொன்னாத்தாளின் உடம்பில் மட்டும் ஒரு கடிகூட இல்லை. இன்னும் நடை பழகாத பிள்ளை. இராத்திரி முழுக்க மடியில் போட்டுக்கொண்டு, கைகால் இடுக்கெல்லாம் வேப்பெண்ணெய் தடவியபடியே அவள் உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் சோற்றில் கை வைத்த நாச்சிமுத்து, மனைவியின் கழுத்தைப் பார்த்ததும் தட்டைத் தள்ளிவிட்டான்.

"என்ன புள்ள அது?"

"செள்ளு கடிச்சுப்போட்டுதுங்க மாமா. செவுத்தப் பாருங்க, எப்படி ஊருதுன்னு."

அவன் சுவரைப் பார்க்கவில்லை. "பேப்பர்ல போட்டதும் இதேதான."

"பேப்பர்ல எழுதுனவன் செள்ளக் கண்டானுங்களா?"

அவன் எழுந்து போனான். அந்த வெயிலிலும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான். அவள் அதைக் கவனித்தாள். 

சாயங்காலம் அவன் தனியாக வரவில்லை. வாசலுக்கு வெகு தூரத்தில் ஊரே நின்றது. காளியப்பன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு பேசினார்.

"ஆத்தா, நாளைக்கு நாமக்கல்லுல இருந்து டாக்டர் வாராரு. இந்த ஒரு ராத்திரி செட்டுக்குள்ள இருந்துக்க."

"ஐயோ, அங்கதானுங்க செள்ளு குமிஞ்சு கெடக்குது! வேப்பமரத்தடியில படுத்துக்கறனுங்க."

"காத்துல பரவுமாம். பேப்பர்லயே போட்டுருக்குது."

செட்டின் இரண்டு பக்கமும் வெறும் கம்பி வலைதான், காற்று தாராளமாகப் போய் வரும் என்பது அங்கே நின்ற ஒரு ஜென்மத்துக்கும் தோன்றவில்லை. மாட்டேன் என்று அவள் சொல்ல வாயெடுத்தபோது கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்: "புள்ளையையும் சேத்துப் போட்டு அடைங்கப்பா!"

 அவள் குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டு, எண்ணெய்ச் சீசாவைப் பக்கத்தில் வைத்துவிட்டு விலகி நின்றாள்.

"நான் போறனுங்க. புள்ளைய மட்டும் அந்தப் பக்கமே கொண்டாராதீங்க மாமா. பச்ச ஒடம்பு, தாங்காது. எண்ணெயத் தடவிக்கிட்டே இருங்க."

நாச்சிமுத்து குழந்தையைத் தூக்கிக்கொண்டான். சீசாவைத் தொடவில்லை.

செட்டுக்குள் கால் வைத்ததுமே எச்சத்தின் நெடி மூக்கைச் சுட்டது. தரையில் பரப்பிய கடலைத் தோல் ஈரத்தில் ஊறிப் பாளம் பாளமாகக் கட்டியிருந்தது. மிதித்தால் உள்ளேயிருந்து சூடும் புளித்த வாடையும் கிளம்பி, கால்விரல் இடுக்கில் கொழகொழவென்று ஏறியது. மூலையில் அழுகிய முட்டை ஒன்று வெடித்துக் கறுப்பாய் ஒழுகியிருந்தது. கோழிகள் ஏறி அடையும் மூங்கில்கள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை வரிசையாக ஓடின. அவற்றில் இன்னமும் இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. கோழி போன மறுநாளே நாச்சிமுத்து பல்புகளைக் கழற்றிவிட்டான். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. தீனித் தொட்டி ஒன்றை நடுவில் கவிழ்த்துப் போட்டு, எதிலும் உடம்பு படாமல் அதன்மேல் ஏறி நின்றாள்.

வெளிச்சம் இருக்கிறவரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வலைக்கு அப்பால் வானம் மங்கி, பனைமரங்கள் கறுத்து, மூங்கில்களின் கோடு மட்டும் கண்ணுக்குத் தெரிகிற நேரம் வந்தது. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூங்கில்கள் பருத்துக்கொண்டு வந்தன. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். கைமுட்டி அளவு இருந்தது தொடை அளவாகியிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. கோழி இருந்தால் இந்நேரம் கொக்கரிக்கும், இறக்கையை அடிக்கும், கொத்தும். கொத்துவதற்கு அங்கே ஒரு கோழியும் இல்லை.

கூரையிலிருந்து ஏதோ தோளில் உதிர்ந்தது. மாவு மாதிரி இருந்தது. தட்டிவிட்டாள். மறுபடி உதிர்ந்தது.

கணுக்காலில் முதல் கடி. பிறகு முழங்காலுக்குப் பின்னால். காதுக்குள். தட்டினாள். தேய்த்தாள். விரலெல்லாம் பிசுபிசுத்தது. முகர்ந்தாள். இரத்த வாடை. அவளுடையதுதான். கத்த வாயைத் திறந்தாள். உதட்டில் ஊர்ந்தது. நாக்கில். துப்பினாள். வாயை மூடிக்கொண்டாள்.

எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. வலைக்கு வெளியே டார்ச் விளக்குகள் ஆடின. பேச்சுக்குரல்கள். பத்திரிகைக்காரனின் குரலும் இருந்தது.

"இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்புங்கம்மா."

பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. அந்த ஒரு நொடியில் அவள் தன் கையைப் பார்த்தாள். தோள்முதல் விரல்வரை சாம்பல் நிறத்தில் ஒரு சட்டைக் கை. அவள் ரவிக்கையில் அவ்வளவு நீளக் கை கிடையாது. அது நெளிந்தது.

"வைரசு! வைரசேதான்!" என்று யாரோ அலறினார்கள். யாரோ வாந்தி எடுத்தார்கள். ஓடுகிறவர்கள் ஓட, மிச்சப்பேர் பின்னுக்கு நகர்ந்தார்கள்.

அப்போதுதான் குழந்தையின் அழுகை கேட்டது. வலைக்கு அந்தப் பக்கம், நாச்சிமுத்துவின் இடுப்பில் பொன்னாத்தாள். சின்னக் கை கழுத்தைப் பறண்டிக்கொண்டிருந்தது. டார்ச் வெளிச்சம் அங்கே திரும்பியது. கழுத்தில் சிவப்பாகத் தடித்திருந்தது.

நாச்சிமுத்துவைச் சுற்றி நின்றவர்கள் விலகினார்கள். ஒருவர் விடாமல் விலகினார்கள். அவன் நடுவில் தனியாக நின்றான்.

"நாச்சிமுத்து, புள்ளைக்கும் வந்துருச்சப்பா" என்றார் காளியப்பன்.

நாச்சிமுத்து தன் கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு குழந்தையைப் பார்த்தான். பிறகு கதவைப் பார்த்தான்.

"அது செள்ளுங்க! எண்ணெ தடவுனாப் போயிரும்! கொண்டாராதீங்க மாமா! என்ற சாமி, கொண்டாராதீங்க!"

தாழ்ப்பாள் சத்தம். கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை குழந்தையைக் கடலைத் தோலின்மேல் இறக்கி வைத்தது. கதவு மூடியது. மறுபடி தாழ்ப்பாள்.

அம்மாவைக் கண்டதும் பொன்னாத்தாள் அழுகையை நிறுத்தினாள். சிரித்தாள். தவழ்ந்து வந்தாள்.

சௌந்திரம் தொட்டியிலிருந்து இறங்கிப் பின்னால் போனாள். தூக்கக் கையை நீட்டினாள். தூக்கவில்லை. அந்தக் கையால் எப்படித் தூக்குவாள்? இன்னும் பின்னால் போனாள். குழந்தைக்கு அது விளையாட்டாக இருந்தது. கெக்கலித்துக்கொண்டு வேகமாக வந்தது. அவள் முதுகு மூங்கிலில் இடித்தது.

அதற்குமேல் போக இடமில்லை.

பொன்னாத்தாள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். வாழ்நாளில் முதல்முறையாக நின்றாள். வெளியே இன்னொரு முறை பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. சேலையின் சாம்பல் நிறம் குழந்தையின் விரல்களில் ஏறிக்கொண்டிருந்தது.