லேபிள் மாறிய ஜெல்

“என்னங்க, ஏதோ சொன்னீங்களே?”

ஜீவிதா கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். சோபாவில் உட்கார்ந்து செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்த ஜெர்சன் நிமிர்ந்தான். அவன் வாயே திறக்கவில்லை.

“நான் ஒண்ணும் சொல்லலியே.”

“ஆம்பளக் குரலா கேட்டுச்சுங்க. தெளிவா கேட்டுச்சு.”

“மாடி வீட்டு டிவியா இருக்கும்.”

மாடி வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போய்ப் பத்து நாளாகிறது. அது இருவருக்கும் தெரியும். அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. ஜெர்சனுக்கும் கேட்டிருந்தது. சளி கட்டிய தொண்டையை யாரோ மெல்லச் செருமுவது போன்ற கனத்த சத்தம், உள்ளறையிலிருந்து. அங்கே அவனுடைய ஆறு வயது மகள் அபிகாயில் மட்டும்தான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

அன்று துணி துவைக்கும் முறை அவனுடையது. வாஷிங் மெஷினில் போடுவதற்காக அபியின் பள்ளிச் சட்டையை எடுத்தபோது, சாக்பீஸ் தூள் வாசனைக்கும் சிந்திய சாம்பார் வாசனைக்கும் அடியிலிருந்து இன்னொரு நெடி எழுந்து மூக்கில் ஏறியது. வளர்ந்த ஆண்பிள்ளையின் வியர்வை நெடி. மாலை நேர மின்சார ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களின் அக்குளிலிருந்து வருமே, அதே நெடி. தன் சட்டையோடு சேர்ந்து கிடந்ததால் ஒட்டிக்கொண்டது என்று முடிவு செய்தான். தன்னைத்தான் முதலில் சந்தேகப்பட்டான், அதற்குக் காரணமும் இருந்தது.

காட்டாங்குளத்தூர்க் கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் ஜெர்சன் டெக்னீஷியன். நாற்பத்திரண்டு வயதில் உடம்பு ஓய்ந்துபோய், படி ஏறினால் மூச்சு வாங்கி, எதிலும் மனம் ஒட்டாமல் போனபோது, ஒரு டாக்டர் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, ஆண் ஹார்மோன் குறைவு என்றார். தினமும் தோளில் பூசிக்கொள்ள டெஸ்டோஸ்டிரோன் ஜெல் எழுதிக் கொடுத்தார். பூசியதும் கை கழுவ வேண்டும், தோளை மூட வேண்டும், குழந்தை மேல் படவே கூடாது என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். அதையெல்லாம் அவன் ஒழுங்காகத்தான் செய்தான். மனைவியிடம் சொல்வதை மட்டும் செய்யவில்லை. ஆண் ஹார்மோனை வெளியிலிருந்து வாங்கிப் பூசிக்கொள்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? நினைத்தாலே காது மடல் சுட்டது.

ஜீவிதா டீச்சர். பிஸ்கட் பாக்கெட்டில் இருப்பதைக்கூட ஒரு வரி விடாமல் படிப்பவள். அதனால் ஒரு மாதத்துக்கான ஜெல் பாக்கெட்டுகளை வெட்டி, பழைய சானிடைசர் பாட்டில் ஒன்றில் பிழிந்து நிரப்பி, குளியலறையின் மேல்தட்டில் வைத்தான். நிறமற்ற ஜெல், அதே ஸ்பிரிட் வாசனை, கண்ணில் பட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். ஒன்றின் பாட்டிலில் இன்னொன்றை ஊற்றாதே என்று ஒவ்வொரு வருடமும் முதல் நாளே மாணவர்களிடம் கத்துகிற அதே ஜெர்சன்தான் இதைச் செய்தான்.

அதோடு விட்டிருக்கலாம். இரண்டு மாதத்தில் கண்ணாடி பெரிதாக ஒன்றும் காட்டவில்லை என்று குரோம்பேட்டை ஜிம்மில் டிரெய்னர் கிரீஷிடம் வாய்விட்டான்.

“ஜெல்ல மட்டும் நம்பிக்கினு இருந்தா வருஷம் ஆவும் சார்,” என்றான் கிரீஷ். “இந்த டிராப்ஸையும் சேத்துக்கோங்க. சார்ம்ஸ்னு பேரு, மசில் ஏத்துற மருந்து. ஸ்டீராய்டு இல்ல, பயப்படாதீங்க. இருட்டுனா கண்ணு கொஞ்சம் மஞ்சளடிக்கும். வேற ஒண்ணும் பேஜார் இல்ல.”

மனிதர் உட்கொள்வதற்கல்ல, ஆராய்ச்சிக்கு மட்டும் என்று அந்தப் பாட்டிலில் போட்டிருந்தது. லேபிள் படித்தே சோறு தின்கிறவன் அதையும் படித்துவிட்டு நாக்கில் சொட்டினான். அடுத்த பரிசோதனையில் டாக்டர், “வேற எதாவது எடுக்கறீங்களா?” என்று கேட்டதற்கு இல்லை என்றான். தோள் திரண்டது. சட்டை கையில் பிடித்தது. “அடேங்கப்பா, உங்க சட்டை எல்லாம் சுருங்கிடுச்சா என்ன?” என்று ஜீவிதா சிரித்த அன்று, வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷம் வந்தது.

கண் விஷயத்தில் கிரீஷ் பொய் சொல்லவில்லை. பொழுது சாயும்போது அவர்கள் குடியிருந்த அஸ்தினாபுரமே பழைய எண்ணெய்க்குள் இறங்கியது போலிருக்கும். வெளிச்சத்திலிருந்து உள்ளே வந்தால் இருட்டு வெகுநேரம் விலகாது. நாற்காலி எது, ஆள் எது என்று தெரியாமல் நிற்பான். அப்படி நின்ற ஒரு மாலையில்தான் அபி உள்ளறையிலிருந்து வெளியே வந்து அவனை அண்ணாந்து பார்த்தாள். மேலுதட்டின் மேல் கறுப்பாக ஒரு கோடு.

“என்னம்மா, சாக்லேட்டா?”

அவள் இல்லை என்று தலையாட்டினாள். பெருவிரலால் துடைத்துப் பார்த்தான். போகவில்லை. மெத்தென்று விரலில் தட்டுப்பட்டது.

கண்தான், என்று சொல்லிக்கொண்டான். டிராப்ஸ்தான், வேறொன்றுமில்லை. அன்றிலிருந்து அவளை வெளிச்சத்தில் பார்ப்பதைத் தவிர்த்தான்.

“அபி பசங்களப் புடிச்சுத் தள்றாளாம், மிஸ் டைரில எழுதி அனுப்பிருக்காங்க,” என்றாள் ஜீவிதா. “ஜூன்ல வாங்கின ஷூ இப்பவே பத்தல. தொண்டையும் கட்டிகிட்டே இருக்கு, ஆவி பிடிச்சும் கேக்க மாட்டேங்குது.”

“வளர்ற பிள்ளதானே,” என்றான். பாட்டில் சீக்கிரம் தீர்ந்துபோவது அப்போது நினைவுக்கு வந்தது. தானே கொஞ்சம் தாராளமாகப் பூசுகிறோம் போல என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

சனிக்கிழமை சாயங்காலம். ஜீவிதா காய் வாங்கப் போயிருந்தாள். குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆள் பேசிக்கொண்டிருந்தான். அடித்தொண்டையிலிருந்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார். ஞாயிறு பள்ளிக்கான மனப்பாட வசனம். நான் தாழ்ச்சியடையேன். ஜெர்சன் எழுந்தான். அபி எங்கே? உள்ளறையில் இல்லை. கூடத்தில் இல்லை. கதவைத் தள்ளினான்.

கவிழ்த்த வாளி. அதன் மேல் அபி. கையில் அந்தப் பாட்டில்.

ஒரு அமுக்கு. இரண்டு. மூன்று. உள்ளங்கையில் தேய்த்தாள். முழங்கை வரை தேய்த்தாள். பள்ளியில் சொல்லித் தந்தபடி, விரலிடுக்கெல்லாம். பிறகு திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

“கை சுத்தம் பண்றேன்பா,” என்றது அந்த ஆளின் குரல்.

கண் ஏமாற்றலாம். காது?

அவளைத் தூக்கி இறக்கி, சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தான். தோல் சிவக்கும்வரை தேய்த்தான். இன்றோடு நிறுத்திவிட்டால் தானாகச் சரியாகிவிடும், இதை யாரிடமும் சொல்லத் தேவையில்லை என்று தேய்க்கத் தேய்க்க மனது கணக்குப் போட்டது. பெற்ற மகளுக்கு நஞ்சை வைத்தவன், அந்த நிமிடத்திலும் தன் மானத்தைத்தான் நினைத்தான். அது அவனுக்கே தெரிந்தது. கூசியது. ஆனாலும் பாட்டிலை டிராப்ஸோடு சேர்த்து அலமாரியில், தன் கோட்டுக்குப் பின்னால் ஒளித்தான்.

அவன் மறைத்துவிடலாம், அபியின் தொண்டை மறைக்குமா? அடுத்த வாரமே ஜீவிதா இருவரையும் தாம்பரத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் இழுத்துப் போனாள். ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த அந்த டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“ஆறு வயசுப் பொண்ணுக்கு வளர்ந்த ஆம்பளைங்களுக்கு இருக்கிற அளவு இருக்கு. வீட்ல யாராவது ஹார்மோன் ஜெல், க்ரீம் எதாவது உபயோகிக்கிறீங்களா? தயவுசெஞ்சு யோசிச்சுச் சொல்லுங்க.”

“இல்ல டாக்டர். இவருக்குக்கூட வெறும் பி காம்ப்ளெக்ஸ்தான்,” என்றாள் ஜீவிதா.

டாக்டரின் பார்வை ஜெர்சனின் தோளில் நின்றது. “ஜிம்முக்குப் போறீங்களா சார்?”

“வாக்கிங்... வாக்கிங் மட்டும்தான்.”

வெளியிலிருந்து எதுவும் போகவில்லை என்றால் உள்ளே எங்கோ கட்டி இருக்கலாம், பெரும்பாலும் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியில், என்றார் டாக்டர். திங்கட்கிழமை அட்மிட் செய்யச் சொன்னார். ஸ்கேனில் கட்டி மாதிரி எது தெரிந்தாலும் திறந்து எடுத்துவிட வேண்டியிருக்கும் என்றார். அன்று குடும்ப ஜெபத்தில் ஜீவிதா முழங்காலிட்டு அழுதாள். “காரணத்தைக் காட்டும் ஆண்டவரே, காரணத்தை மட்டும் காட்டும்.” பக்கத்தில் முழங்காலிட்டிருந்தவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

ஞாயிறு சாயங்காலம். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு. கூடத்தில் ஜீவிதா பையில் துணி அடுக்கினாள். இப்போதாவது சொல்ல வேண்டும். ஒரு வாக்கியம். ஒரே ஒரு வாக்கியம், மகளின் வயிற்றில் கத்தி படாது. கூடம் வரை போனான். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னங்க?”

“தண்ணி... பாட்டில் எடுத்துவச்சியா?”

திரும்பி நடந்தான். அலமாரி. கோட்டுக்குப் பின்னால் கை. குளியலறை. விளக்கைப் போடவில்லை. ஜெல்லைக் கழிவறையில் பிதுக்கினான். டிராப்ஸையும் கவிழ்த்தான். தண்ணீரைத் திறந்தான். எல்லாம் போயிற்று. இனி எவரும் கண்டுபிடிக்க முடியாது. காலிப் பாட்டிலைக் கழுவினான். கன்னம் நனைந்திருந்தது. இருட்டு மஞ்சளாகக் கண்ணில் அப்பியிருந்தது.

பின்னால் மூச்சுவிடும் சத்தம். கனமாக. மெதுவாக.

வாசலில் ஓர் உருவம். அவன் நெஞ்சுயரம்கூட இல்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறது?

“அபி?”

உருவம் உள்ளே வந்தது. ஒரு எட்டு. இன்னொரு எட்டு. அந்த நெடி. சின்னக் கை ஒன்று அவன் விரலைப் பிடித்தது. கூடத்தில் ஜீவிதா விளக்கைப் போட, வெள்ளை வெளிச்சம் குளியலறைக் கண்ணாடியில் பட்டு அந்த முகத்தில் விழுந்தது. மஞ்சளே இல்லை. கறுத்து அடர்ந்த மீசை. அதன் மேல் குறுக்காக ஒரு சின்ன விரல்.

“அழாதீங்கப்பா,” என்றது அந்த ஆளின் குரல், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. “நான் அம்மாகிட்ட சொல்லமாட்டேன்.”

ஜெர்சன் சரி என்று தலையாட்டினான்.