பார்ப்பவர்: ஒருவர்

நூலகத்தின் பின்கட்டுக்குள் கால் வைத்ததும் முதலில் வந்து மோதியது வாசனைதான். ஈரக் காகிதமும் காய்ந்த பசையும் கலந்து, வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்தாற்போல ஒரு நெடி. உயரமான கூரை. ஒரே ஒரு ஜன்னல். அதுவும் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி. பகல் பதினொரு மணிக்கே விளக்குப் போட வேண்டிய அறை.

"பயந்துடாதே. இங்கே பேய்னு ஒண்ணு இருந்தா அது நான்தான்," என்றார் நூலகர் அம்மாள். "நாப்பதாயிரம் கார்டு இருக்கு. ஒவ்வொரு புத்தகத்தோட விவரத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள முடிச்சுடு தாயே."

அவள் சிரித்தாள். எட்டு மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டு வந்த சிரிப்பு.

புது ஊர். புது வீடு. புது வேலை. ஆறு வயது மகள் சிட்டுவுக்குப் புதுப் பள்ளிக்கூடம். இந்த ஊரில் இவர்கள் இருவரையும் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அதற்காகத்தான் இங்கே வந்தாள்.

பழையதாக மிஞ்சியது ஒன்றே ஒன்று. கம்ப்யூட்டரைத் திறந்து பிரவுசரில் தன் பழைய கணக்கைப் போட்டாள். சிட்டுவின் படங்கள், பாஸ்வேர்டுகள் எல்லாம் அதில்தானே இருக்கின்றன? ஒரு நொடியில் எல்லாம் வந்து சேர்ந்தன. திரையின் வலது மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன இறகும் வந்து உட்கார்ந்தது.

எழுத்துப்பிழை திருத்தும் எக்ஸ்டென்ஷன். பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் குட்டி மென்பொருள். கல்யாணமான புதிதில் கணவன்தான் போட்டுக் கொடுத்தான். "உனக்குத் தப்பில்லாம எழுத வராதே," என்று சிரித்துக்கொண்டே.

அதன் பிறகு அவள் அக்காவுக்கு எழுதியதை எல்லாம் அவன் சாப்பிடும்போது வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்வான். எப்படித் தெரிந்தது என்று கடைசிவரை அவளுக்குப் புரிந்ததே இல்லை. சுவருக்குக் காது இருப்பதாக நினைத்துக்கொண்டு, எழுதுவதையே நிறுத்திவிட்டாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு லாரி அவனை அடித்துப் போட்டது. பிணவறையில் துணியை விலக்கி, "ஆமாம், இவர்தான்," என்று கையெழுத்துப் போட்டவள் அவளேதான்.

மூன்று நாள் வேலை ஒழுங்காக நடந்தது. நான்காம் நாள் மதியம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நூலகர் அம்மாள் முன்கூடத்தில் இருந்தார். மின்விசிறி மட்டும் கிறீச் கிறீச் என்று சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் ஒரு கார்டைப் பார்த்து அடித்தாள்: ஆசிரியர் பெயர் தெரியவில்லை.

கடைசிச் சொல்லின் கீழே சிவப்புக் கோடு விழுந்தது. பக்கத்தில் சின்னப் பெட்டி ஒன்று திறந்து, திருத்தத்தைக் காட்டியது.

தெரியும்.

என்ன திருத்தம் இது என்று அதை மூடினாள். அடுத்த கார்டு. இந்தப் புத்தகம் மூன்றாம் அறைக்கு மாற்றப்பட்டது.

மறுபடி சிவப்புக் கோடு. மறுபடி பெட்டி.

என்கிட்ட சொல்லாம எதுக்கு மாறின?

விரல்கள் விசைகளின் மேலேயே உறைந்துவிட்டன.

அறையில் புதிதாக ஒரு வாசனை. பழைய காகிதம் இல்லை. சவரம் செய்தபின் அவன் தடவிக்கொள்ளும் லோஷன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து, நடந்து, கதவைத் தாண்டிய பிறகுதான் ஓடினாள்.

நூலகர் அம்மாள் கூப்பிட்டனுப்பிய கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரருக்கு அந்த ஊரில் 'வயர்' என்று பெயர். ஐம்பது வயது தாண்டிய வழுக்கைத் தலைக்காரர். கழுத்தில் எப்போதும் ஒரு கேபிள் மாலை. வந்து உட்கார்ந்து, இறகை அழுத்திப் பார்த்தார்.

"ஏம்மா, இதுக்கு என்ன அனுமதி குடுத்திருக்குன்னு பார்த்தியா? நீ போற எல்லா வெப்சைட்லயும் இருக்கறதைப் படிக்கலாம், மாத்தலாம். வீட்டுச் சாவியைக் குடுத்து, பீரோவையும் திறந்து வச்ச கதையா இருக்கு."

"நான் குடுக்கலண்ணே. வீட்டுக்காரர் போட்டது. பழைய கம்ப்யூட்டர்ல."

"அது கணக்கோட வரும்மா. வீடு மாத்தறப்ப சாமானோட பல்லியும் வந்துடுதே, அந்த மாதிரி." அவர் இன்னும் இரண்டு இடத்தில் அழுத்தினார். சிரிப்பு நின்றது. "பிழைதிருத்தம் எல்லாம் சும்மா மேல்பூச்சு. நீ அடிக்கற ஒவ்வொரு எழுத்தும் ஒருத்தருக்குப் போகுது. இதோ பாரு."

திரையில் ஒரு வரி. பார்ப்பவர்: ஒருவர். அதன் கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி. பக்கத்தில் பச்சைப் புள்ளி.

அவளுக்கு அந்த முகவரியைத் தெரியும்.

"பச்சைன்னா?"

"இப்ப பார்த்துக்கிட்டு இருக்கார்னு அர்த்தம். வீட்டுக்காரரா? நிறுத்தச் சொல்லும்மா."

"அவர் இல்லண்ணே."

"ஊர்ல இல்லையா?"

"உயிரோட இல்ல."

வயர் கழுத்துக் கேபிளைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப... அவரோட பாஸ்வேர்டு எவன் கையிலயோ சிக்கியிருக்கு. எவனோ விளையாடறான்," என்றார். குரலில்தான் நம்பிக்கை இல்லை. "தூக்கிடறேன்." மளமளவென்று அழுத்தினார். இறகு மறைந்தது. "போச்சு. பாஸ்வேர்டு எல்லாத்தையும் மாத்திடு. ஆமா, வீட்டு விலாசம் கிலாசம் எதுலயாவது அடிச்சியா?"

"இல்லையே. நான் யாருக்குமே..."

நேற்று மதிய இடைவேளையில் அடித்திருந்தாள். சிட்டுவின் பள்ளிக்கூட வெப்சைட்டில் ஒரு படிவம். விலாசம், வகுப்பு, அழைத்துப்போக வரும் நேரம். எல்லாவற்றையும் பிழையில்லாமல்.

"படிக்க மட்டுமில்லம்மா, மாத்தவும் அதால முடியும்," என்றார் வயர் மெதுவாக. "எதுக்கும் ஒருதடவை திறந்து பாரு."

திறந்தாள். குழந்தையை அழைத்துச் செல்ல அனுமதி உள்ளவர்கள் என்ற இடத்தில் நேற்று அவள் ஒரே ஒரு வரிதான் நிரப்பியிருந்தாள். தாய்.

இப்போது இரண்டு வரிகள் இருந்தன.

தந்தை.

மணி மூன்று இருபது. மூன்றரைக்குப் பள்ளி விட்டுவிடும்.

பள்ளிக்கு அடித்த போனை யாரும் எடுக்கவில்லை. "குடையாவது எடுத்துக்கிட்டுப் போம்மா!" என்று வயர் கத்தியது காதில் விழுந்தது. அவள் அதற்குள் தெருவில் இருந்தாள். மழை சாய்வாக அடித்தது. பாலம், மருந்துக்கடை, வளைவு. செருப்பு ஒன்று அறுந்தது. அதை உதறிவிட்டு ஓடினாள்.

பள்ளி வாசல் வெறிச்சோடிக் கிடந்தது.

"என் பொண்ணு! ஒண்ணாம் வகுப்பு!"

"இங்கதாம்மா இருக்கா," என்றார் வாயிற்காவலர். "ஏன் இப்படி ஓடி வர்றீங்க?"

வராந்தா பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் சிட்டு. காலை ஆட்டிக்கொண்டு. அவள் பாய்ந்து போய்க் கட்டிக்கொண்டாள். மூச்சு திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

"யாராவது கேட்டு வந்தாங்களா?"

"ஒருத்தரும் வரல. மழைக்கு எல்லாருமே லேட்டு. காலையிலேர்ந்து இந்த கேட்டை விட்டு நான் நகரவே இல்ல," என்றார் காவலர், அடித்துச் சொல்லும் குரலில்.

அலுவலகத்துக்குப் போய், எழுத்தரின் முன்னால் நின்றே அந்த இரண்டாம் வரியை அழிக்க வைத்தாள். "நீங்கதானே மேடம் போட்டீங்க?" என்று எழுத்தர் முணுமுணுத்தார். தாய் மட்டும் என்று புதிதாக அச்சடித்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். முடிந்தது. எவனோ ஒரு திருடன். கூட்டத்தில் எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஒரு திருடன். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

"வா, நனைஞ்சுக்கிட்டே போவோம். இன்னிக்கு மட்டும்," என்றாள் மகளிடம்.

"ஐ!" என்று குதித்தாள் சிட்டு.

மகளின் வலது கையை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மழை இருவர் மேலும் அடித்து ஊற்றியது. முடியிலிருந்து, மூக்கு நுனியிலிருந்து, பையின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

பாலத்தின் நடுவில்தான் கவனித்தாள். சிட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, நுனிக்காலில் எக்கி எக்கி நடந்துகொண்டிருந்தாள். இடது கையைத் தலைக்கு மேலே தூக்கியிருந்தாள். விரல்கள் எதையோ பிடித்தாற்போல மூடியிருந்தன.

"ஏன்டி கையைத் தூக்கிக்கிட்டு வர்ற?"

சிட்டு அண்ணாந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல அம்மாவிடம் கிசுகிசுத்தாள்.

"உயரமா இருக்காரும்மா. எட்டல."

அவள் குனிந்து மகளின் இடது சட்டைக்கையைத் தொட்டுப் பார்த்தாள்.

தோளிலிருந்து விரல் நுனி வரை, ஒரு சொட்டு ஈரம் இல்லை.