புனிதர் கையில் ஒரு கூடு

வாலுவுக்கு அந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. அம்மாவுக்கு வேலை மாற்றல். புது ஊருக்குப் போகும் வழியில் அங்கே ரயில் மாற வேண்டியிருந்தது. அடுத்த ரயில் மறுநாள் மத்தியானம்தான். அதுவரை தங்க, தேவாலயத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடியறை கிடைத்தது.

காலையில் மணியோசை கேட்டு எழுந்து ஜன்னலைத் திறந்தாள். வெளியே பாலைக் கொட்டினாற்போல் பனி. தெருவையே காணோம். பனிக்குள்ளிருந்து பாட்டு மட்டும் வந்தது.

“அம்மா, நான் இன்னும் தூங்கறேனா?”

“இல்லடி. இன்னிக்கு இந்த ஊர்ப் புனிதருக்குத் திருவிழாவாம்” என்றாள் அம்மா, பெட்டியில் துணியைத் திணித்தபடி.

பனிக்குள்ளிருந்து ஒரு முகம் மிதந்து வந்தது. மரத்தில் செதுக்கிய, சாந்தமான முகம். பல்லக்கைத் தூக்கியவர்கள் பனியில் மறைந்திருந்தார்கள். அதனால் புனிதர் தானே காற்றில் நடந்து வருவது போலிருந்தது. ஒரு கையில் கோல். மறு கையில் மரக்கூடை.

கூடை ஜன்னலுக்கு நேராக வந்தது. உள்ளே காய்ந்த புல். புல்லுக்கு நடுவே மூன்று சின்ன வாய்கள், ஆவென்று திறந்தபடி!

மேலே ஒரு குருவி பதறிப் பதறிச் சுற்றியது. இறங்கப் பார்க்கும். ‘டம்!’ என்று மேளம் அதிரும். உடனே பறந்துவிடும்.

“நிறுத்துங்க!” என்று கத்தினாள் வாலு. யார் காதிலும் விழவில்லை. தடதடவென்று படியிறங்கி ஓடினாள். “ஏய், நில்லுடி!” என்று அம்மாவும் பின்னால் ஓடிவந்தாள்.

பல்லக்கின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கி வந்தவர் ஊர்த் தச்சர். வாலு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“மாமா, கூடைக்குள்ள குஞ்சு இருக்கு!”

“என்னது, பஞ்சா?”

“பஞ்சு இல்ல மாமா! குருவிக்குஞ்சு!”

பவனி நின்றது. மேளமும் நின்றது. அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது: கீச், கீச்.

பாதிரியார் தச்சரைப் பார்த்தார். “கோயில் வாசல் மேல இருந்து சிலையை இறக்கினது நீங்கதானே?”

“ஆமா ஃபாதர். ஏதோ குப்பைன்னு நினைச்சேன். கண்ணாடி போடாம ஏணியில ஏறிட்டேன்.”

கூட்டம் குபீரென்று சிரித்தது. சிரிப்புக்குப் பயந்து குருவி இன்னும் உயரே போனது.

“கூட்டை எடுத்து மரத்துல வெச்சிடலாம்” என்றார் ஒருவர்.

“தாய்க்கு இடம் தெரியாம போயிடுமே. சிலையைத் திரும்ப வாசல்லயே வெச்சிடலாம்” என்றார் இன்னொருவர்.

“அதுக்காகத் திரும்பிப் போறதா? வருஷத்துக்கு ஒரு நாள்தானே பவனி!” என்றார் வேறொருவர்.

வாலு பாதிரியாரின் அங்கியைத் தொட்டாள். “நீங்க பாட்டுக்குப் போங்க ஃபாதர். சத்தம் மட்டும் வேண்டாம். அதுக்குத்தான் பயப்படுது. அதோட பிள்ளைங்க எங்க போனாலும் கூடவே வரும்.”

“சத்தமில்லாம நான் எதை வாசிக்கிறதாம்?” என்று மேளக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

“தொட்டில் ஆட்டற மாதிரி வாசிங்களேன்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு விரல் நுனியால் தட்டினார். தூரத்தில் மழை பெய்வது போல் கேட்டது.

பல்லக்கு மெல்ல நகர்ந்தது. “மெதுவா... மெதுவா...” என்ற கிசுகிசுப்பு வீடு வீடாக முன்னால் ஓடியது. வெடிக்காரர் வெடிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எல்லாரும் பாட்டை முணுமுணுத்தார்கள். பனிக்குள் ஊரே கனவில் நடப்பது போல் நடந்தது.

குருவி முதலில் ஒரு கூரையில் உட்கார்ந்தது. பிறகு விளக்குக் கம்பத்தில். பிறகு புனிதரின் கோல் நுனியில். தெருவே மூச்சை அடக்கியது.

சட்டென்று கூடைக்குள் இறங்கியது.

யாரும் கை தட்டவில்லை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண் வாலுவின் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாள். “ரயிலுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு. கூடவே போலாம்” என்று அம்மா வாலுவின் காதில் சொன்னாள்.

“பாப்பா, என்னால தலையைத் தூக்க முடியல. மேல என்ன நடக்குது?” என்று தச்சர் ரகசியமாகக் கேட்டார்.

வாலு அவர் பக்கத்திலேயே நடந்தாள். ஊரைச் சுற்றி முடிக்கும்வரை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

“மறுபடியும் வந்துடுச்சு மாமா. இது நாலாவது புழு!”