குழாயில் நின்ற ஏரி

செவ்வாய்க்கிழமை மாலை சேற்றின் மேல்மட்டத்தை ஒட்டி ரிம்மா வரைந்திருந்த சிவப்பு வளையம், புதன்கிழமை காலையில் சேற்றுக்குள் போயிருந்தது. ஒரு விரற்கடைதான். குழாயின் பக்கவாட்டில் மை அப்படியே இருந்தது; அதற்கு மேலேயும் சேறு இருந்தது.

உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் அது. இரண்டு மீட்டர் நீளம். அறையின் மூலையில் செங்குத்தாக நிறுத்திக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். ஏரியின் அடியிலிருந்து எடுத்த சேறு கீழே. அதற்கு மேல் இரண்டு சாண் உயரத்துக்கு ஏரித் தண்ணீர். அவள் அளவு நாடாவை வைத்துப் பார்த்தாள். ஒரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். முந்தைய நாள் முப்பத்தெட்டு.

எடுத்து வைத்த சேறு நாள் போகப் போக அமுங்கும். ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. கூடியதாக, இருபத்திரண்டு ஆண்டுகளில், அவள் எந்தக் குறிப்பேட்டிலும் படித்ததில்லை.

"கிளெப், நேத்து எவ்வளவுன்னு எழுதின?"

"முப்பத்தெட்டு. நீங்க சொன்னீங்க, நான் எழுதினேன்." கிளெப் அடுப்புக்குள் நிலக்கரியைத் தள்ளிக்கொண்டிருந்தான். இருபத்தொன்பது வயது. துளையிடும் கருவிகள் அவன் பொறுப்பு. "எழுதுறது என் வேலை, ரிம்மா வலேரியெவ்னா. யோசிக்கிறது உங்க சம்பளத்துல வருது."

"இப்ப நாப்பது இருக்கு."

"அடுப்புப் பக்கத்துல வெச்சோம்ல. புளிச்ச மாவு மாதிரி பொங்கியிருக்கும். சாயங்காலம் ரொட்டி சுட்டுரலாம்."

அவள் சிரித்தாள். வெளியே புயல் மூன்று மணி நேரமாக அடித்துக்கொண்டிருந்தது. சறுக்குக் கட்டைகள் மேல் நின்ற அந்த மர அறை முழுவதும், கப்பலைப் போல, லேசாக அசைந்தது. நீளவாக்கில் ஐந்து எட்டு, குறுக்கே மூன்று. இரண்டு பலகைக் கட்டில், ஒரு இரும்பு அடுப்பு, ஒரு சன்னல், ஒரு கதவு. நாற்பது அடி தள்ளி ஹலெவ்தோ ஏரி, ஆள் உயரப் பனிக்கட்டிக்கு அடியில்.

இந்த ஏரிச் சேற்றில் ஆண்டுகள் வரிவரியாகக் கிடந்தன. கோடையில் பனி உருகி ஓடிவரும் வண்டல் வெளிர்நிறமாகப் படியும். குளிர்காலத்தில் ஏரி மூடிக்கொண்டதும் மிச்சமிருக்கும் நுண்துகள் கருப்பாக இறங்கும். ஒரு வெளுப்பு, ஒரு கருப்பு, ஒரு வருடம். அரை மில்லிமீட்டர். வெளுப்பு தடிப்பாக இருந்தால் அந்தக் கோடை சூடானது. வடகோடியின் மரமில்லாத துந்திரப் பனிவெளியில் மூவாயிரம் கோடைகள் எப்படி இருந்தன என்று எண்ணிச் சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். எண்ணிக்கை மேலிருந்து தொடங்கும். மேல்மட்டம் இந்த வருடம், பூச்சியம். அதற்குத்தான் சிவப்பு வளையம்.

பூதக்கண்ணாடியைக் குழாயில் ஒட்டிப் பிடித்துப் பார்த்தாள். வளையத்துக்கு மேலே இருந்த இரண்டு சென்டிமீட்டரும் கலங்கல் இல்லை. வெளுப்பு, கருப்பு, வெளுப்பு, கருப்பு. பென்சிலால் கோடு போட்டதுபோல. அவள் எண்ணினாள். நாற்பத்தொன்று.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் எண்ணினாள். பிறகு தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

செவ்வாய் மாலையே இருவரும் இங்கிருந்து கிளம்பியிருக்கலாம். அவர்களை அழைத்துவந்த பனிவண்டி ஓட்டுநர் யாகவ் நிகோலயெவிச் தைபரேய், நேநெத்ஸ் இனத்தவர். இந்த ஏரிகளைச் சுற்றிக் கலைமான் மேய்த்து வளர்ந்தவர். மதியமே அவர் மேற்கே பார்த்தார்.

"நாளைக்கு வானம் மூடிரும், வலேரியெவ்னா. வண்டியில ஏறுங்க."

"இன்னும் ஒரு குழாய் எடுக்கணும், யாகவ் நிகோலயெவிச். இவ்வளவு தூரம் வந்துட்டு ஒண்ணோட போக முடியாது."

கிளெப் அப்போதே மூட்டையைக் கட்டி வைத்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவிழ்த்தான். தைபரேய் கனமான சாமான்களை மட்டும் ஏற்றிக்கொண்டார். புயல் விட்டதும் வருவதாகச் சொன்னார். கிளம்பும் முன் குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மண்ண எடுத்தீங்க, சரி. தண்ணிய எதுக்கு வீட்டுக்குள்ள கொண்டு வர்றீங்க?"

"மேல்மண்ணு கலங்காம இருக்க. ரெண்டு நாள் கழிச்சு வடிச்சிருவோம். எப்பவும் அப்படித்தான்."

"நாங்க மீன எடுப்போம். ஏரிய எடுக்கிறதில்ல." அவர் கையுறையை மாட்டிக்கொண்டார். "சேத்துக்கு மேல தண்ணி நிக்கிற வரைக்கும் அதுக்குப் பேரு ஏரிதான். இப்ப ஏரி இங்க நிக்குது. அப்ப உங்க அறை எங்க இருக்கு?"

"ஏரிக்கரையில சொகுசு விடுதியில," என்றான் கிளெப். அவரும் சிரித்துவிட்டுத்தான் போனார்.

வியாழக்கிழமை காலை சேறு ஒரு மீட்டர் ஐம்பத்திரண்டு. இந்த முறை கிளெப்பே அளந்தான். நாடாவைச் சுருட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"வடிச்சிரலாம்," என்றான்.

சேற்றுக்கு ஒரு விரல் மேலே குழாயில் சிறிய துளை போட்டு, தண்ணீரை மெதுவாக வெளியேற விடுவதுதான் முறை. ரிம்மா கைத்துரப்பணத்தைச் சுற்றினாள். நூல் தடிமனில் தண்ணீர் பீச்சியது. கிளெப் கீழே வாளியைப் பிடித்தான். அழுகிய முட்டையின் வாடை அறையில் பரவியது. ஏரியடியின் வாடை அது. அவளுக்குப் பழகியது, ஆய்வுக்கூடத்தில் அதை முகர்ந்தபடியே சாண்ட்விச் தின்றிருக்கிறாள். இன்று அது தொண்டைக்குள் இறங்கி அங்கேயே நின்றது.

வாளி அரைவாசி நிறைந்தது. பிறகு முழுதாக. கிளெப் கஞ்சிப் பானையை எடுத்து வைத்தான். அதுவும் நிறைந்தது. இருவரும் குழாயைப் பார்த்தார்கள். உள்ளே தண்ணீர் ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை.

ரிம்மா கட்டைவிரலால் துளையை அடைத்தாள். விரலை உள்ளிருந்து ஏதோ தள்ளுவதுபோல அழுத்தம் இருந்தது. இரண்டு சாண் தண்ணீருக்கு அவ்வளவு பாரம் கிடையாது. "டேப்," என்றாள். கிளெப் சுற்றினான். ஏழு சுற்று.

"தூக்கி வெளிய எறிஞ்சிரலாமா?" அவன் மெதுவாகத்தான் கேட்டான்.

இருவரும் சேர்ந்து பிடித்தார்கள். முந்தாநாள் ஏரியிலிருந்து சிரித்துக்கொண்டே தூக்கிவந்த குழாய் அது. இப்போது தரையோடு முளைத்ததுபோல நின்றது.

அதற்குப் பிறகுதான் சத்தம் மாறியிருப்பதை அவள் கவனித்தாள். எப்போது மாறியது என்று தெரியவில்லை. நேற்றிலிருந்து சுவரில் மணலை வாரி இறைத்ததுபோல அடித்துக்கொண்டிருந்த பனி நின்றிருந்தது. காற்றின் ஊளை இல்லை. அறை ஆடவில்லை. அதற்குப் பதிலாகக் கூரை மேலே, சுவர்கள் மேலே, யாரோ மிக நுண்ணிய சல்லடையில் மாவு சலிப்பதுபோல ஒரு மெல்லிய, ஓயாத, அவசரமில்லாத உதிர்வு. காது அடைத்திருந்தது. எச்சில் விழுங்கினால் திறந்து, உடனே மறுபடி அடைத்துக்கொண்டது. கடிகாரத்தில் மதியம் பன்னிரண்டேகால். ஏப்ரல் மாதத்தில் இந்த நேரத்துக்குப் புயலே அடித்தாலும் சன்னல் பால்போல வெளுத்திருக்கும். இப்போது அது பால் விடாத தேநீரின் நிறத்தில் இருந்தது.

"பனி சன்னல மூடிருச்சு," என்றான் கிளெப்.

"ஆமா."

அடுப்பு புகைந்தது. புகைக்குழாயின் வளைவில் இருந்த இடுக்கு வழியாக ஏதோ கசிந்து அடுப்பின் மேல் சிறு குவியலாகச் சேர்ந்துகொண்டிருந்தது. ரிம்மா அதை விரலால் எடுத்துத் தேய்த்தாள். சாம்பல் இல்லை. முகப்பூச்சு மாவைவிட நுண்மையாக, வழவழவென்று. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். களப்பணியில் அப்படித்தான் பார்ப்பார்கள். மணலாக இருந்தால் பல்லில் நெறிபடும், களிமண்ணாக இருந்தால் வெண்ணெய்போல வழுக்கும்.

வழுக்கியது.

"மேல போயி புகைக்குழாய் வாய சுத்தம் பண்ணணும்," என்றான் கிளெப். "இல்லேன்னா ரெண்டு பேரும் தூங்குறப்பவே போயிருவோம்."

"கொஞ்சம் பொறு."

"எதுக்குப் பொறுக்கிறது? முந்தாநாளே பொறுத்தோம்." அதை அவன் குற்றமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்குச் சுட்டது. அவிழ்த்த மூட்டை அவன் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

கதவு உட்பக்கமாகத் திறப்பது. பனி குவிந்தாலும் திறக்க முடியவேண்டும் என்று அந்தப் பகுதியில் எல்லாக் கதவுகளும் அப்படித்தான். கிளெப் தாழை எடுத்தான். பனிச்சுவர் நிற்கும் என்று மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு நின்றான்.

பனிச்சுவர் இல்லை. பழுப்பு வெளிச்சம் இருந்தது. அதில் ஏதோ விழுந்துகொண்டிருந்தது. நேராக, மிக மெதுவாக, ஒவ்வொரு துகளும் தனித்தனியாக. வாசல் வரை வந்தது, உள்ளே வரவில்லை. குளிர் முகத்தில் அறையவில்லை. கதவோரம் வெளியே தொங்கிய வெப்பமானியை ரிம்மா எட்டிப் பார்த்தாள். மூன்று நாள் முன்பு மைனஸ் இருபத்தேழு. இப்போது பூச்சியத்துக்கு மேலே இரண்டு புள்ளி எட்டு.

அந்த எண்ணை அவள் செவ்வாய்க்கிழமை தன் கையால் அளந்திருந்தாள். ஏரியடித் தண்ணீரின் சூடு.

"கிளெப், போக வேண்டாம்."

"ஏணி ஆறு அடி தூரத்துலதான் இருக்கு. இங்கேருந்தே தெரியுது பாருங்க." தெரிந்தது. ஏணியின் கீழ்ப்படிகள் மட்டும். அவன் இருமினான்; அவளும் இருமினாள். புகை இப்போது தலைக்கு மேலே இறங்கி நின்றது. அவன் சொல்வதில் தப்பு எதுவும் இல்லை. புகைக்குழாயின் வாயைத் திறக்காவிட்டால் சாவார்கள். அவளுக்கு முதுகெலும்பில் பழைய காயம். ஏணி ஏற முடியாது.

கயிற்றை அவன் இடுப்பில் அவளே கட்டினாள். மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள்.

"ஒரு இழுப்புன்னா நல்லா இருக்கேன்," என்றான். "ரெண்டுன்னா பிடிச்சு இழுங்க. மூணுன்னா தேநீர் வைங்க."

"போய்ட்டு சீக்கிரம் வா, தம்பி." அவனை ஒருநாளும் அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவன் ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டு வெளியே காலை வைத்தான். கால் சத்தமில்லாமல் பதிந்தது. மிதப்பவன்போல நடந்தான். அவன் கதவைச் சாத்தினான்; கயிறு இடுக்கில் நுழைந்து போனது.

கயிறு ஓடியது. நின்றது. ஓடியது.

ஒரு இழுப்பு.

அவள் மூச்சு விட்டாள். பதிலுக்கு ஒருமுறை இழுத்தாள். கூரை மேல் காலடி கேட்கும் என்று காத்திருந்தாள். சல்லடைச் சத்தம் மட்டும். அது கனத்துக்கொண்டே வந்தது. சன்னல் தேநீர் நிறத்திலிருந்து கருப்பானது. பிறகு மறுபடியும் தேநீர் நிறம். பிறகு கருப்பு. அவள் முதலில் தன் கண்தான் இருட்டுகிறது என்று நினைத்தாள்.

மூலையில் குழாயைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சேறு ஏறியது. வெளுப்பு. கருப்பு. வெளுப்பு. கருப்பு. அவள் மூச்சின் வேகத்தில். மூச்சை அடக்கினாள். அது அடங்கவில்லை.

"கிளெப்."

கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கொக்கியில் மாட்டியதுபோல இல்லை. கொக்கி என்றால் கொஞ்சமாவது ஆடும். சுவருக்குள் பதித்துப் பூசிய கம்பியைப்போல இருந்தது. காலைக் கதவில் ஊன்றி இழுத்தாள். மணிக்கட்டுத் தோல் உரிந்தது.

"கிளெப்!"

சல்லடைச் சத்தம் நின்றது.

எதுவும் இல்லை. அடுப்பு அணைந்திருந்தது. பலகைகள் ஒருமுறை முனகின, எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில்.

அவள் கதவைத் திறந்தாள்.

வாசல் முழுவதும் சேறு. ஈரமாக, சமமாக, கத்தியால் வெட்டியதுபோல நிமிர்ந்து நின்றது. கதவுப் பலகைகளின் இடுக்குகள்கூட அதில் அச்சாகப் பதிந்திருந்தன. விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். கீழே வாசற்படியிலிருந்து மேலே நிலையின் விளிம்பு வரைக்கும் வரிகள். வெளுப்பு, கருப்பு. மயிரிழைகள். ஒன்றுகூடக் கலையவில்லை.

முழங்கால் உயரத்தில், ஒரு வெளிர்வரிக்கும் ஒரு கருவரிக்கும் நடுவே, கயிறு உள்ளே போனது.

கை தானாக எழுந்தது. இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம். கயிற்றின் மேல் நகத்தை வைத்து எண்ணத் தொடங்கினாள். ஒரு சாணில் நானூற்று நாற்பது. நிலையின் மேல்விளிம்பு வரை ஐந்து சாண். இரண்டாயிரத்து இருநூறு கோடை. இரண்டாயிரத்து இருநூறு குளிர்காலம். அவன் மேல். அதுவும் கதவின் உயரத்துக்கு மட்டும்தான். அதற்கு மேலே எவ்வளவு என்று தெரிவிக்க அங்கே கதவு இல்லை.

அவள் நகத்தை எடுக்கவில்லை. அழவில்லை. சேறு குளிர்ந்து வழவழவென்று இருந்தது.

மணிக்கட்டில் கயிறு அசைந்தது.

மெதுவாக, உறுதியாக, யோசித்துச் செய்தவனைப்போல.

ஒரே ஒரு இழுப்பு.