குரல் அல்லாதவை

மடுல்சீமைக்கு மேலே, மூடிக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலையின் மாடி அறைக்குக் குகதாசன் போய்ச் சேர்ந்தபோது பகல் வெளிச்சம் இருந்தது. ஆனால் மூடுபனி ஜன்னல்வரை ஏறிவந்து, கண்ணாடியில் முகத்தை அழுத்தி நின்றது.

பதுளையில் மின்னணுவியல் கற்பிப்பவர் அவர். பொழுதுபோக்குக்கு வானொலிச் செட் வைத்துப் பேசுகிறவர். மழைக்கு மண் சரிந்து தொலைபேசிகள் செத்துப்போகும் நாட்களுக்காக அந்த அறையில் ஒரு பழைய செட் இருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதொன்றைப் பூட்ட வந்திருந்தார்.

கதவைத் திறந்துவிட்டவள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் ஜீவராணி. அவள் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

பழைய செட்டோடு ஒரு தகரப் பெட்டி இணைந்திருந்தது. பேச்சின் உச்சங்களை வெட்டி, தாழ்ந்த ஒலிகளைத் தூக்கிவிடும் பெட்டி. அதில் பேசினால் குரல் கரகரக்கும். ஆனால் எத்தனை மலை தாண்டியும் போய்ச் சேரும். பேசுபவரின் மூச்சும், கூரையில் விழும் மழையும் கூடவே போகும்.

"உந்தப் பெட்டியை மியூசியத்திலை வைக்கவும் வெக்கப்படுவாங்கள்," என்றார் குகதாசன்.

"இராசமணியக்கா வச்சிருந்தது சார். மலை சரிஞ்சு எறங்குன அன்னைக்கு அவங்க இதுலதான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. டவுன்ல யாரோ, உன் குரல் கரகரங்குது, சரி பண்ணிட்டு வான்னு சொல்லிட்டாங்களாம். அப்புறம் அக்கா கீழ் லயத்து வீடுங்களுக்குச் சொல்ல ஓடுனாங்க. லயமும் போயிருச்சு, அக்காவும் போயிட்டாங்க. ஒடம்புகூட கெடைக்கல."

"கரகரத்தால் ஆர் கேப்பான்? லயத்துச் சனத்திட்டை மைக்கைக் குடுத்தால் உதுதான் நடக்கும்."

ஜீவராணி அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவளும் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள்தான்.

"நான் கீழ நிக்கிறேன் சார்," என்று இறங்கிப் போனாள்.

கழற்றுவதற்குமுன், எவ்வளவு மோசம் என்று பார்த்துவிட நினைத்தார் குகதாசன். பதுளையில் நண்பன் ஸரூக் தன் செட்டின் முன் காத்திருந்தான்.

"ஸரூக், கேக்குதோ?"

"நல்லாக் கேக்குது மச்சான். பக்கத்துல யாரு?"

"ஒருத்தரும் இல்லை."

"நீ பேச்ச நிப்பாட்டினா ஒரு பொம்பள மூச்சு வாங்குறது கேக்குது. எங்கிருந்தோ ஓடி வந்தமாதிரி."

குகதாசன் சிரித்தார். "இந்தக் குப்பைப் பெட்டி ஜன்னல் ஓட்டையிலை வாற காத்தையும் தூக்கி அனுப்புது. பொறு, மனிசக் குரல் எண்டால் என்னெண்டு காட்டுறன்."

தகரப் பெட்டியின் வயரைப் பிடுங்கிக் காலால் ஓரமாகத் தள்ளினார். அந்த இடத்தில் புதிய செட்டைப் பூட்டினார்; அது கையடக்கமானது. மனிதக் குரலைத் தானே அடையாளம் கண்டு, மற்ற எல்லாவற்றையும் இரைச்சல் என்று அழித்துவிடும். யாராவது பேசும்போது அதன் திரையில் ஒரு பச்சைக் கோடு துள்ளும்.

அறையில் ஈர மண் வாசனை வந்தது. வெளியே மழை இல்லை.

"இப்ப சொல்லு ஸரூக். எப்பிடி?"



"மச்சான்?" என்றான் ஸரூக். "எங்க போயிட்ட? மைக்க யாருகிட்டக் குடுத்த?"

"ஒருத்தரிட்டையும் குடுக்கேல்லை. நான்தான் கதைக்கிறன்."

"அழாதீங்க தங்கச்சி," என்றான் ஸரூக். "மெதுவாச் சொல்லுங்க. எந்த லயம்?"

குகதாசன் மைக்கை வாயோடு ஒட்டவைத்துக் கத்தினார்.

பச்சைக் கோடு அசையவில்லை.

அவர் வாயை மூடினார்.

கோடு துள்ளியது.

மைக்குக்கு முன்னால் அவரைத் தவிர வேறு முகம் இல்லை. அவருடைய இடது காதோரம் மட்டும் ஈரமாகக் குளிர்ந்தது.

"குரல் எவ்வளவு தெளிவா ஈக்குது," என்று ஸரூக் தனக்குள் முணுமுணுத்தான். பிறகு தயங்கிக் கேட்டான். "தங்கச்சி, அங்க குகதாசன்னு ஒருத்தர் இருந்தாரே?"

கோடு சிறிதாக ஒருமுறை துள்ளி அடங்கியது.

"இரைச்சலா?" என்றான் ஸரூக். "வெறும் இரைச்சல்தானா?"

குகதாசன் எல்லா வயர்களையும் சேர்த்துப் பிடுங்கினார். செட்டை அப்படியே போட்டுவிட்டுப் படிகளில் தடுமாறி இறங்கினார். கீழே ஜீவராணி நின்றாள்.

"முடிஞ்சிருச்சா சார்?"

அவர் தலையை ஆட்டிவிட்டு வேனுக்கு ஓடினார். மேலும் கேட்கத் தகுந்த ஆள் இவரில்லை என்பதுபோல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வளைவுகளில் வேனை எப்படி ஓட்டி வந்தார் என்பது அவருக்கே தெரியாது. பசறையை நெருங்கும்போது கைபேசிக்கு சிக்னல் வந்தது. ஓரமாக நிறுத்தி, பதுளை வீட்டில் தனியாக இருந்த மனைவி சுலோஜனாவை அழைத்தார். ஒரு மனிதக் குரல் தன் பெயரைச் சொல்லக் கேட்டால் போதும் என்றிருந்தது.

"சுலோ, நான்தான்."

"ஹலோ? ஆர் பிள்ளை கதைக்கிறது?"

"நான் கதைக்கிறன், சுலோ!"

"இது அவரின்ரை போனெல்லோ? அவர் எங்கை?" சுலோஜனா கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய குரல் மாறியது. "என்ன சொல்லுறீர்? மண் இறங்குதோ? எங்கடை வீட்டுக்குப் பின்னாலையோ?"

"பின்பக்கம் போகாதை! வெளியிலை ஓடு, ரோட்டுக்கு ஓடு!"

"பொறும் பிள்ளை. போய்ப் பாத்திட்டு வாறன்."

போனை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் பின்கதவை நோக்கி நகர்ந்தது. குகதாசன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தார். தாழ்ப்பாள் விலகியது.

சுலோஜனா பின்முற்றத்துக்கு இறங்கிவிட்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

ஆனால் அந்தப் பக்கத்தில், மேசைமேல் கிடந்த போனுக்கு மிக அருகில், யாரோ மூச்சு வாங்கினார்கள்.